துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வரும் நாட்களை நாங்கள் கடக்கும் விதம்

டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். கைபேசி அதிரும், எந்த ஊர் என்று முதலில் பார்ப்போம், நம் ஊர் இல்லை என்றால் அப்பாடா என்று இருக்கும், அப்புறம் எத்தனை பேர் என்று கண் போகும், குழந்தைகள் உண்டா என்று தேடும், அதற்குள் முதலில் வந்த அந்த அப்பாடாவை நினைத்து நெஞ்சு கூசிப்போகும். ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது "எனக்கும் அப்படியேதான்" என்றாள். வெளியே யாரும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. இங்கே பிள்ளை வளர்க்கும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மாதிரிச் செய்தியை நான் முதன்முதலில் ஊன்றிப் படித்தது 2007 ஏப்ரலில், கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் ஒருவர் நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர். எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் விடுதியில் எல்லாரும் அந்தத் தமிழ்ப் பேப்பரைக் கைமாற்றிப் படித்தோம். அப்போது அது எங்கோ நடந்த கொடுமை. பிறகு கல்யாணமாகி நானே இந்த நாட்டுக்கு வந்தேன், டெக்ஸாஸில் குடியேறினேன். 2017-இல் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயம், 2018-இல் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளி, 2019-இல் எல் பாசோ வால்மார்ட், 2022-இல் யுவால்டி தொடக்கப் பள்ளி, 2023-இல் ஆலன் கடைவீதி. இவை எல்லாம் இந்த ஒரு மாநிலத்துக்குள் மட்டும் நடந்தவை.

யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். அந்தக் குழந்தைகளின் போட்டோக்களைப் பார்த்தபிறகு எனக்குச் சில நாட்கள் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் நாஷ்வில் பள்ளியில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் செத்த செய்தியைப் படித்துவிட்டு, எழுந்து போய் ரசத்துக்குப் புளி கரைத்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. எதுவுமே தோன்றவில்லை.

இந்த மரத்துப்போதலைத்தான் பலர் நினைத்து மருகுகிறார்கள், நமக்கு மனசே கல்லாகிவிட்டதோ என்று. நான் அப்படி நினைக்கவில்லை. சுட்டவனைத் தவிர நான்கு பேருக்கோ அதற்கு மேலோ குண்டு பட்டால் அதைக் கூட்டத் துப்பாக்கிச் சூடு என்று கணக்கில் வைக்கிறது கன் வயலன்ஸ் ஆர்க்கைவ். அந்தக் கணக்குப்படி 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600-க்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றுக்கும் அதிகம். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து அழ எந்த மனுஷியாலும் முடியாது, அடுப்படியும் வேலையும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் மனசு தன்னைத்தானே காத்துக்கொள்ள ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு செய்திக்கு அழுகை வரும், இன்னொன்றுக்கு வராது. அழுகை வராத நாளில் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அந்தத் திட்டு செத்தவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

எங்கள் பக்கத்து ஊரான ஆலனில் நடந்தபோது மரத்துப்போக வழியே இல்லை. 2023 மே 6, சனிக்கிழமை, பிற்பகல். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் திரும்பிப் போவதற்குமுன் நாங்கள் எல்லாரும் கூட்டிக்கொண்டு போகும் இடம் அந்தக் கடைவீதி, சித்தப்பாவுக்கு ஷூ, அத்தைக்குக் கைப்பை, பெட்டியில் எடை மிச்சமிருந்தால் இன்னும் ரெண்டு டி-ஷர்ட். எந்தச் சனிக்கிழமையும் அங்கே தெரிந்த தமிழ் முகம் நாலாவது கண்ணில் படும். செய்தி வந்த சில நிமிஷத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் எல்லாக் குடும்பங்களின் பெயரையும் வரிசையாகப் போட்டு, வீட்டில் இருப்பவர்கள் உங்கள் பெயருக்கு எதிரே டிக் போடுங்கள் என்றார். டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. ஒரு பெயருக்கு மட்டும் விழவே இல்லை. போன் போகிறது, எடுக்கவில்லை. அவள் நர்ஸ், ராத்திரி வேலை முடித்துவிட்டுப் போனை அமைதியில் போட்டுத் தூங்கியிருக்கிறாள். யாரோ கதவைத் தட்டி எழுப்பி, அவள் டிக் போட்டபிறகுதான் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

அன்று எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே பொறியாளராக வேலை பார்த்த ஓர் இளம் பெண், ஒரே கொரியக் குடும்பத்தில் அப்பா, அம்மா, மூன்று வயதுப் பிள்ளை, தொடக்கப் பள்ளியில் படித்த அக்கா தங்கை இருவர். வேறு ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் சுட்டவனைக் கொன்றார்.

அந்தச் சாயங்காலமே சடலங்களின் படங்கள் ட்விட்டரில் பரவ ஆரம்பித்தன. பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, விரல் நகர்த்தினால் கண்ணில் விழுகிறது. எனக்கும் ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள், எந்தச் செருப்புக் கடைக்குள் போனாலும் அது முன்னால் வந்து நின்றது. அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், நல்ல நாளிலேயே செய்து வையுங்கள்: வாட்ஸ்ஆப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், எக்ஸிலும் (அன்றைய ட்விட்டர்) பேஸ்புக்கிலும் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள், பிள்ளைகளின் கருவிகளிலும் அதேபோல். குழுவில் யாராவது அப்படிப்பட்ட படம் போட்டால் "தயவுசெய்து நீக்கிவிடுங்கள், இங்கே குழந்தைகளும் போன் எடுக்கிறார்கள்" என்று நான் நேராகவே எழுதிவிடுவேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராக்ஸேன் கோஹென் சில்வரும் உடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த வாரம் முழுக்கத் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நேரடியாக அனுபவித்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்ததாகத் தெரிந்தது. இதே குழுவின் பிந்தைய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அப்படிக் கலங்கியவர்கள் அடுத்த சம்பவம் வரும்போது இன்னும் கூடுதலாகச் செய்தி பார்க்கிறார்கள், அதனால் இன்னும் கலங்குகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் போன் வெளிச்சத்தில் கிடந்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

செய்தியைப் பார்ப்பது துக்கத்துக்குப் போய் நிற்பதற்கு ஈடாகாது. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும், பார்க்காமல் விட்டால் அவர்களைக் கைவிட்டுவிட்டோம் என்று தோன்றும். ஆனால் பதினைந்தாவது முறை அதே ஹெலிகாப்டர் காட்சியைப் பார்ப்பதால் எந்தத் தாய்க்கும் ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. எங்கள் வீட்டில் இப்போது வழக்கம் இதுதான்: அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தடவை, டெக்ஸாஸ் ட்ரிப்யூன் மாதிரி உள்ளூர்ச் செய்தியை எழுத்தாக மட்டும் படிப்போம். மீதி மறுநாள். முதல் நாள் வரும் தகவல் பாதி தப்பாகவும் இருக்கிறது. யுவால்டியில் பள்ளிக் காவலர் சுட்டவனை வாசலிலேயே எதிர்கொண்டார் என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள். ஓர் ஆசிரியை கதவைத் திறந்துவிட்டுப் போனார் என்றார்கள், அதுவும் இல்லை என்று ஆனது. 376 காவலர்கள் வந்து குவிந்தும் 77 நிமிஷம் கழித்துத்தான் வகுப்புக்குள் போனார்கள் என்பது பின்னால்தான் தெளிவாகத் தெரிந்தது. பொறுத்துப் படித்தால் உண்மையையாவது படிக்கலாம்.

ஊரிலிருந்து வரும் போன் தனி. எங்கள் அம்மா பொள்ளாச்சியில் இருக்கிறார். டிவியில் "டெக்ஸாஸ்" என்ற ஒரு சொல் வந்தால் போதும், அங்கே நடு ராத்திரியானாலும் கூப்பிடுவார். "கண்ணு, அங்க ஒண்ணும் இல்லையே, குழந்தைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டாங்களா?" எல் பாசோவில் நடந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டர் அம்மா, சென்னையிலிருந்து கன்னியாகுமரியே எழுநூறுதான் என்று சொல்லிப் புரியவைத்தேன். இப்போது அவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை, செய்தி வந்தவுடன் குடும்பக் குழுவில் ஊர் பெயர், தூரம், நாங்கள் நான்கு பேரும் எங்கே இருக்கிறோம் என்று குரல் பதிவு ஒன்று போட்டுவிடுவேன். வயசானவர்களுக்கு எழுத்தைவிடக் குரல் கேட்டால்தான் மனசு ஆறுகிறது.

பள்ளியிலிருந்து வரும் செய்திதான் இதையெல்லாம்விடக் கொடுமை. ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது பள்ளியின் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வரும், அதற்குமேல் கண் படிக்காது. அதனால் அந்தச் சொற்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2006-இல் கொலராடோவில் ஒரு பள்ளியில் பிணையாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு மாணவி, கடைசியாகப் பெற்றோருக்கு "ஐ லவ் யூ கைஸ்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அந்தப் பெற்றோர் அதே பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள், அவர்கள் வகுத்த முறையைத்தான் இங்கே நிறையப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. "ஹோல்ட்" என்றால் வராந்தாவில் ஏதோ நடக்கிறது, வகுப்பை விட்டு வெளியே வராதீர்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். "செக்யூர்" என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே, வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் பாட்டுக்கு நடக்கிறது. "லாக்டவுன்" என்றால்தான் உள்ளே ஆபத்து. என் மகனின் பள்ளியிலிருந்து ஒருநாள் "செக்யூர்" என்று வந்தது, பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடியது. பெற்றோர் குழுவில் அதை யாரோ லாக்டவுன் என்று போட்டுவிட, பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போலீஸ் வண்டி வரவேண்டிய வழியில் நம் கார்கள் நின்றால் யாருக்கும் நல்லதில்லை. செய்தியில் எந்தச் சொல் என்று பாருங்கள், பிள்ளையைக் கூட்டிப்போக எங்கே வரச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், அதுவரை பிள்ளைக்குப் போன் அடிக்காதீர்கள். ஒளிந்திருக்கும் வகுப்பில் அந்தச் சத்தம் வேண்டாம்.

என் சின்னவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் தோசைக்குக் காத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, லாக்டவுன்ல எனக்கு இருமல் வந்தா என்ன பண்றது?" அந்த வாரம் அவளுக்குச் சளி. கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தன் இருமலால் எல்லாரையும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரு வாரமாக மனசுக்குள் வைத்திருக்கிறாள். அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நடக்காது என்று நானே நம்பாததைச் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தோசையைத் தட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கை மடிப்பில் வாயை அழுத்தி இருமினால் எவ்வளவு சத்தம் வருகிறது என்று ரெண்டு பேரும் செய்து பார்த்தோம். ஆசிரியைக்கு மெயில் எழுதினேன், அவர் இருமல் மிட்டாயைத் தன் மேசையில் வைத்திருப்பதாகவும் அவளிடம் அதைக் காட்டிவிட்டதாகவும் பதில் போட்டார். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதிலிருந்து, என்ன கேள்விப்பட்டாய் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காத விவரத்தை நாமாகக் கொட்ட வேண்டியதில்லை. சின்னவளிடம் பள்ளியில் யார் யார் பாதுகாப்புக்கு இருக்கிறார்கள் என்று சொல்வேன், மூத்தவனுக்கு அது போதாது, சட்டம் ஏன் மாறவில்லை என்று கேட்பான், அவனிடம் வாதாடவே செய்யலாம். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, தனியாகப் படுக்க மாட்டேன் என்பது, பாத்ரூம் போகக்கூடத் துணை கேட்பது, இப்படி வாரக்கணக்கில் நீண்டால் பள்ளிக் கவுன்சலரிடம் போங்கள். நம் ஆட்களில் பலர் இது எங்காவது பதிவாகி விசாவுக்குச் சிக்கலாகுமோ என்று தயங்குகிறார்கள். பள்ளிக் கவுன்சலரிடம் பேசுவதற்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர்களுக்கே தாங்க முடியாமல் போனால் மன நெருக்கடிக்கான 988 என்ற உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம்.

சும்மா இருந்தால் பயம் வளர்கிறது, கைக்கு ஒரு வேலை கொடுத்தால் குறைகிறது. ஆலனுக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் "ஸ்டாப் த பிளீட்" வகுப்புக்குப் போனோம். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்டபிறகு, ரத்தம் போய்ச் சாவதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று அறுவை மருத்துவர்கள் கூடிப் பேசியதிலிருந்து வந்தது அது. கை கால் காயத்துக்கு டூர்னிகெட் பட்டையைக் காயத்துக்கு ரெண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை பட்டையில் உள்ள குச்சியைத் திருக வேண்டும், கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். என் கையில் கட்டிப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலிக்கிறதே என்று தளர்த்தினால் பயனில்லை என்றார் சொல்லிக்கொடுத்த அம்மா. அக்குள், தொடை இடுக்கு மாதிரிப் பட்டை கட்ட முடியாத இடங்களில் காயத்துக்குள் துணியை அடைத்து, உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். 2019-இல் வந்த ஒரு டெக்ஸாஸ் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் ரத்தத்தை நிறுத்தும் இந்தப் பொருட்கள் அடங்கிய பெட்டிகள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பிலிருந்து மாணவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். கார் விபத்துக்கும் இதே வித்தைதான். பட்டை வாங்கினால் நல்ல இடத்தில் வாங்குங்கள், ஆன்லைனில் போலிகள் நிறைய, திருகும்போதே உடைந்துவிடும்.

ரத்த தானம் இன்னொன்று. சம்பவம் நடந்த மறுநாள் வரிசை நீளும், ஆனால் அடிபட்டவர்களைக் காப்பாற்றுவது ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ரத்தம். செய்தி இல்லாத சாதாரண வாரத்தில் போய்க் கொடுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இங்கே விதி, இந்தியப் பயணம் முடிந்து வந்தவுடன் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாளைக் கணக்கிட்டுப் போங்கள்.

ஆலன் கடைவீதிக்கு வெளியே சிலுவைகளும் பூக்களும் வைத்திருந்த இடத்துக்கு நாங்கள் குடும்பமாகப் போனோம். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. நம் ஊரில் எட்டாவது வீட்டில் சாவு என்றாலும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருவோம், பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம், உட்கார்ந்துவிட்டு வருவோம். அந்தப் பழக்கத்தை இங்கே விட வேண்டியதில்லை என்று போனோம். முன்பின் தெரியாத ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். ரசத்துக்குப் புளி கரைத்த அன்று வராதது எல்லாம் அப்போது வந்தது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கினேன்.

பயத்தில் துப்பாக்கி வாங்குகிறவர்களும் நம்மில் உண்டு. தெரிந்த ஒருவர் ஆலனுக்குப் பிறகு கைத்துப்பாக்கி வாங்கினார், வீட்டில் பதினாறு வயசுப் பையன். அவரிடம் நேராகவே சொன்னேன். 2022-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000-க்கும் மேல், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. நம் தூக்கத்தைக் கெடுக்கும் கூட்டத் துப்பாக்கிச் சூடுகள் அந்தக் கணக்கில் மிகச் சிறு பங்கு. வெளியிலிருந்து ஆபத்து வரக்கூடும் என்று பயந்து வாங்கும் ஆயுதம், பரீட்சையில் தோற்ற ஒரு பையனின் கைக்கு எட்டும் தூரத்தில் வீட்டிலேயே இருக்கிறது. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள், குண்டு வேறு இடத்தில், சாவி வேறு இடத்தில். யுவால்டியில் சுட்டவன் 18 வயசு ஆன சில நாட்களில் ரெண்டு ரைஃபிள்களைச் சட்டப்படியே வாங்கினான். இது இயற்கைச் சீற்றம் இல்லை, சட்டம் விட்ட வழி என்பது என் எண்ணம். ஓட்டு உள்ளவர்கள் உள்ளூர்த் தேர்தல்களையும் விடாமல் போடுங்கள், ஓட்டு இல்லாதவர்கள் பள்ளி நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம், யார் வேண்டுமானாலும் பேசலாம்.

கடைசியாக, கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி. பிள்ளையை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். நேரில் வாய் வராது என்றால் குறுஞ்செய்தியில், வேறு விஷயங்களோடு சேர்த்துக் கேட்கலாம். நான் முதல் தடவை அனுப்பியது இப்படி: "அவளுக்கு முந்திரி ஒத்துக்காது. எல்லார் வீட்டிலும் கேட்பது வழக்கம், அதனால் கேட்கிறேன், வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்கிறதா?" அனுப்பிவிட்டு, சண்டை வரப்போகிறது என்று கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் பதில் உடனே வந்தது: கேட்டதற்கு நன்றி, ரெண்டு இருக்கிறது, பெட்டகத்தில், சாவி என் கணவரிடம், எங்கள் வீட்டில் நீச்சல் குளமும் இருக்கிறது, உன் பெண்ணுக்கு நீந்தத் தெரியுமா? இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள், குளத்துக் கதவைப் பூட்டி வைக்க முடியுமா என்று எழுதினேன். சரி என்றாள். சனிக்கிழமை கொண்டுபோய் விட்டேன்.